மாட்டியவர்தான் கழற்ற வேண்டும்

அந்த வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றுபோனதற்கு மோட்டார் கெட்டுப்போனது ஒரு காரணம். அதைச் சரிசெய்வது எந்த யூனியனின் வேலை என்று முடிவாகாதது இன்னொரு காரணம். இரண்டில் பெரிய காரணம் அதுதான்.

கீழ் வீட்டில் இருந்த அத்தான் ரயில் இன்ஜின் ஷெட்டில் ஃபிட்டர். போதாததற்கு ஃபிட்டர் யூனியனுக்கு செகரட்டரி வேறு. மாடியில் இருந்த அவர் மச்சினி அதே ஷெட்டில் எலக்ட்ரீஷியன். ஷெட்டில் அவளைக் கரண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எவனோ கேலிக்கு வைத்த பேர் அது. அவள் முகம் சுளிக்காமல் “என்ன?” என்று திரும்பிக் கேட்டதில் கேலி செத்துப்போய், பேர் மட்டும் நின்றுவிட்டது.

மோட்டார் மக்கர் செய்த அன்று அத்தான் ஸ்பேனரோடு போய் பம்பின் போல்ட்டுகளைக் கழற்றிப் பார்த்தார். பம்பில் ஒரு குறையும் இல்லை. கோளாறு மோட்டாரில். ஒயரைக் கழற்றினால்தான் மேற்கொண்டு பார்க்க முடியும். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“ஒயர் என் வேலை இல்ல,” என்றார்.

“மாடியிலதானே இருக்கா, ஒரு வார்த்தை கூப்பிட்டுச் சொல்லுங்களேன்,” என்றாள் அவர் மனைவி, கரண்டின் அக்கா.

“நீயே சொல்லு. எனக்கும் அவளுக்கும் பேச்சு இல்ல.”

அக்கா மூச்சு வாங்க மாடி ஏறினாள். கரண்டு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தாள். பிரித்துப்போட்ட பம்புக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அத்தான் தெரிந்தார்.

“ஒயரும் இல்ல ஒண்ணும் இல்ல, எல்லாம் கப்ளிங்தான்னு விசாரணையில எடுத்துச் சொன்னவரு உன் வீட்டுக்காரருதானே? அவரையே கழட்டச் சொல்லு,” என்றாள், கீழே கேட்கும்படி.

அக்கா பக்கத்து வீட்டிலிருந்து தண்ணீர் சுமந்தாள். “யூனியன செருப்போட சேத்து வாசல்ல விட்டுட்டு வந்தா என்ன?” என்று இரண்டு பேரையும் கேட்டுப் பார்த்தாள். இரண்டு பேரும் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் குடத்தை டங்கென்று வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். “சமையல் என் வேலைன்னு எந்த விசாரணையில தீர்ப்பாச்சு? எவனாவது வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் நானும் ஸ்ட்ரைக்கு!” ஷெட்டையே கண்ணில் விரலை விட்டு ஆட்டும் செகரட்டரி, அன்று கடையில் ரொட்டி வாங்கி நின்றுகொண்டே தின்றார்.

இந்தச் சண்டையின் வேர் ஷெட்டில் இருந்தது. பழைய இன்ஜின்களின் அடியில், சக்கரத்தை ஓட்டும் மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும். பெட்டியின் மூடி ஃபிட்டருடையது. மூடிக்கு உள்ளே இருக்கும் ஒயர் எலக்ட்ரீஷியனுடையது. ஃபிட்டர் வந்து மூடியைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பார். எலக்ட்ரீஷியன் குனிந்து ஒயர் வேலையை முடித்துவிட்டு ஒதுங்குவார். ஃபிட்டர் மறுபடி வந்து மூடுவார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். யார் எதற்குப் பொறுப்பு என்பதில் ஒரு குழப்பமும் இல்லாமல் காலம் ஓடியது.

பிறகு புது இன்ஜின்கள் வந்தன. அவற்றில் மூடியும் இல்லை, வெளியே தெரியும் ஒயரும் இல்லை. முழங்கை கனத்தில் ஒரு ப்ளக், அவ்வளவுதான். திருகி இழுத்தால் கையோடு வந்துவிடும். பிரேக்கின் காற்றுக் குழாயை இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றுவதும் இப்படித்தானே, இதுவும் ஒரு கப்ளிங்தான், இது எங்கள் வேலை என்றார்கள் ஃபிட்டர்கள். அந்தக் குழாய்க்குள் ஓடுவது காற்று, இதற்குள் ஓடுவது என்ன, தொட்டுப் பாருங்கள் என்றார்கள் எலக்ட்ரீஷியன்கள். வாய்ச்சண்டை முற்றி, கைகலப்பு வரை போய், ஒருவழியாக விசாரணைக்குப் போனது.

விசாரணையில் அத்தான் ஒரு ப்ளக்கையே கொண்டுபோய் அதிகாரியின் மேசைமேல் வைத்தார். எல்லோரும் பார்க்கத் திருகினார், இழுத்தார். “ஐயா, இதுல எங்கயாவது ஒயரு கண்ணுக்குத் தெரியுதா?” என்றார். தெரியவில்லை. தீர்ப்பு ஃபிட்டர்களுக்கு. பின் வரிசையில் உட்கார்ந்திருந்த கரண்டுக்குத் தீர்ப்பு கூடப் பெரிதாக வலிக்கவில்லை. அந்த ப்ளக்கை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று, வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஒரு பழைய ப்ளக்கை வைத்து அத்தானுக்குக் காட்டிக் கொடுத்ததே அவள்தான். அதுதான் நெஞ்சில் குத்தியது. அன்றிலிருந்து அவள் கீழ் வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

ஷெட் மேனேஜருக்குத் தீர்ப்பு வந்ததில் உச்சி குளிர்ந்தது. அவருக்கு ஊழியர்கள் வைத்த பேர் “நாளைக்கு”. விடுப்பு கேட்டாலும், விளக்கு எரியவில்லை என்றாலும், கூரை ஒழுகுகிறது என்றாலும் அவர் வாயில் வருவது “நாளைக்குப் பாக்கலாம்” ஒன்றுதான். அப்படிப்பட்ட மனிதர் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பம்பரமாகச் சுழன்றார். ப்ளக் ஃபிட்டர்களுக்கு என்றால் எலக்ட்ரீஷியன் எதற்கு? ஒருவர் பின் ஒருவராக எலக்ட்ரீஷியன்களுக்குத் தூரத்து ஷெட்டுகளுக்கு மாற்றல் வந்தது. அத்தானே போய், ஆட்களை மாற்றி அனுப்பச் சொல்லி நாங்கள் கேட்கவில்லையே என்று மேனேஜரிடம் முறையிட்டார். “நாளைக்குப் பாக்கலாம் செகரட்டரி” என்று பதில் வந்தது. இதை அத்தான் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று, முன்னைவிடச் சத்தமாகப் பேசிக்கொண்டு திரிந்தார்.

கடைசியாக மிஞ்சியவள் கரண்டு. அவளுக்கும் உத்தரவு வந்தது. ஓர் இரவு முழுக்க ரயிலில் போனால்தான் எட்டும் ஷெட் அது. அவள் கணவன் கப்பலில் வேலை செய்கிறவன், வருஷத்தில் பாதி தண்ணீரில். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பெரியம்மாவிடம்தான் இருப்பாள், சாப்பிடுவாள், பாடம் படிப்பாள், அம்மாவின் ஷிப்ட் முடியும்வரை அங்கேயே தூங்கியும் போவாள். இனி மகளை விட்டுவிட்டுத் தனியாகப் போக வேண்டும். இல்லையென்றால், யாரையும் தெரியாத ஊருக்குக் கூட்டிப் போய், ஷிப்டுக்குப் போகும்போது அறையில் பூட்டி வைக்க வேண்டும். மகள் முன்னால் மட்டும் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசி நாள் வந்தது. மாலை நாலு மணிக்கு அவள் விடுவிக்கப்படுவாள், நாலிலிருந்து ப்ளக் வேலை ஃபிட்டர்களுக்கு என்று ஏற்பாடு. அன்று, இன்ஜினின் அடியில் இறங்கி வேலை பார்ப்பதற்கென்று தோண்டிய குழியின்மேல் நின்ற இன்ஜின், ராத்திரி எக்ஸ்பிரஸுக்குப் போக வேண்டியது. கரண்டு எப்போதும் போல முதலில் தன் பலகையை எடுத்துக்கொண்டு போய் இன்ஜினின் முகத்தில் மாட்டினாள்.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நீல நிறத் தகடு. எலக்ட்ரீஷியன் பலகையில் மின்னல் வரைந்திருக்கும், ஃபிட்டர் பலகையில் ஸ்பேனர். இன்ஜினுக்கு அடியில் போகிறவர்கள் தங்கள் பலகையை மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அது தொங்கும்வரை இன்ஜினை யாரும் அசைக்கக் கூடாது. மாட்டியவர்தான் கழற்ற வேண்டும், அவர் இல்லாவிட்டால் அதே தொழிலைச் சேர்ந்த இன்னொருவர். மேனேஜரும் தொடக்கூடாது, அவருக்குமேல் இருக்கிறவரும் தொடக்கூடாது.

இந்த விதி ஒரு சாவிலிருந்து வந்தது. அத்தானின் அண்ணனும் அந்த ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவர். ஒரு நாள் இன்ஜினில் இரண்டு பலகை தொங்கியது, ஒன்று அவருடையது, ஒன்று ஓர் எலக்ட்ரீஷியனுடையது. எலக்ட்ரீஷியன் வேலை முடிந்து மேலே வந்தபோது கேன்டீன் வாசலில் ஃபிட்டர்கள் கூட்டமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். பாவம், இதற்காக ஒரு நடை திரும்பி வரவேண்டுமே என்று தன் பலகையோடு அவர் பலகையையும் சேர்த்துக் கழற்றினார். நல்ல மனசோடு செய்ததுதான். அண்ணன் அடியிலேயே இருந்தார், இன்ஜின் நகர்ந்தது. அதன்பிறகு ஃபிட்டர்கள் வேலையை நிறுத்தி, பட்டினி கிடந்து, மேலிடத்தோடு மல்லுக்கட்டி வாங்கிய விதி அது. அண்ணனின் இடத்துக்குத்தான் அத்தான் வேலைக்கு வந்தார்.

கரண்டு குழிக்குள் இறங்கி ப்ளக்குகளைக் கழற்றிச் சோதித்தாள். ஒன்றில் ஈரம் ஏறியிருந்தது. அதைத் துடைத்துச் சூடு காட்டிக்கொண்டிருந்தபோது, குழியின் விளிம்பில் பளபளவென்று பாலிஷ் போட்ட இரண்டு ஷூக்கள் வந்து நின்றன.

“மணி ஆச்சும்மா, கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க,” என்றார் மேனேஜர்.

“சார், ஒரு ப்ளக்கு ஈரமா இருக்கு. காய வச்சு மாட்டி, ஒரு தடவ சோதிச்சுட்டுப் போயிடறேன். கொஞ்ச நேரம்தான்.”

“நாலு மணிக்கு மேல உங்களுக்கு இங்க வேலை இல்ல. மிச்சத்த ஃபிட்டருங்க பாத்துப்பாங்க.”

“என் பலகை தொங்குதே சார்.”

“அதெல்லாம் நாளைக்குப் பாக்கலாம். மொதல்ல நீங்க வெளிய வாங்க.”

கரண்டு மேலே ஏறி வந்தாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் கை தானாகப் பலகையை நோக்கிப் போனது. பாதி வழியில் நிறுத்தினாள். வேலை முடியவில்லை, ப்ளக் கீழே கழன்று கிடக்கிறது. முடியாத வேலையின் பலகையை எதற்குக் கழற்ற வேண்டும்? கையை இழுத்துக்கொண்டாள். கையெழுத்துப் போட்டாள், பையைத் தோளில் மாட்டினாள், கேட்டைத் தாண்டி நடந்தாள். விதிப்படிதான் செய்தாள், ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆனால் நடக்க நடக்க அவள் மனசு ஜில்லென்று குளிர்ந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். அடுத்த ஷிப்டில் எலக்ட்ரீஷியன் என்று ஒருத்தரும் இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன!

இருட்டுவதற்குள் ஜீப் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. அவள் மாடிப்படியின் கீழே ஒரு பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, அடுக்கிய துணியை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் அப்போதுதான் முகம் கழுவ, இல்லாத தண்ணீருக்காகக் குழாயைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் வியர்க்க விறுவிறுக்க உள்ளே நுழைந்தார்.

“என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? எக்ஸ்பிரஸ் பிளாட்பாரத்துல நிக்குது, இன்ஜின் குழியில நிக்குது. ஒரு ஃபிட்டரும் கிட்ட போக மாட்டேங்கறான். வாங்க, வந்து பலகையக் கழட்டுங்க.”

“நான் எப்படி சார் வர்றது? நாலு மணியிலேருந்து நான் அந்த ஷெட்டு ஆளே இல்லையே. உள்ள வந்தா வாட்ச்மேன் பிடிச்சுக் குடுப்பாரு.”

“விளையாடாதீங்க. அடுத்த ஷெட்டுலேருந்து எலக்ட்ரீஷியன் வரணும்னா காலையில ஆயிடும்.”

“அப்ப நாளைக்குப் பாக்கலாம் சார்,” என்றாள் கரண்டு.

அடுப்படியில் அக்கா களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மோட்டார் நின்றதிலிருந்து அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. மேனேஜரின் காது சிவந்துபோனது. சட்டென்று அத்தான் பக்கம் திரும்பினார்.

“சரி, இவங்க வேண்டாம். செகரட்டரி, நீங்க வாங்க. தீர்ப்புப்படி அந்த வேலை யாரோடது?”

“எங்களோடது,” என்றார் அத்தான்.

“வேலை உங்களோடதுன்னா, அதுக்காகத் தொங்கற பலகையும் உங்களோடதுதான். நீங்களே வந்து கழட்டுங்க. என்ன, சரிதானே?”

அத்தான் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து, பொத்தானை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் போட்டார். கரண்டு அவர் முகத்தையே பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. மேனேஜர் மடையன் இல்லை, நல்ல இடத்தில்தான் கொக்கி போட்டிருக்கிறார். பலகையைக் கழற்ற மாட்டேன் என்றால் அத்தான் ப்ளக் வேலையை விட்டுக்கொடுக்க வேண்டும். அத்தனை பாடுபட்டு ஜெயித்த வேலை, அவரை நம்பி நிற்கும் அத்தனை ஃபிட்டர்களின் வேலை. கழற்றிவிட்டாலோ, அந்த ஷெட்டில் எலக்ட்ரீஷியன் இருந்ததற்கு மிச்சமிருக்கும் ஒரே அடையாளமும் போய்விடும், அதுவும் அவர் கையால். பெட்டியை மூடிவிட்டு மகளிடம் “இதோ வந்துடறேன்” என்று எழுந்தாள்.

“நீங்க எங்க? நீங்கதான் ஷெட்டு ஆளு இல்லையே!” என்றார் மேனேஜர்.

“கேட்டுக்கு வெளிய நின்னு பாக்கறதுக்கு எந்த உத்தரவும் வேண்டாம் சார்,” என்று ஜீப்பின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அக்கா மகளை இழுத்து அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

ஷெட் கேட்டில் வாட்ச்மேன் சின்னக் கதவைத் திறந்துவிட்டு, இவளைப் பார்க்காதது போல ஆகாயத்தில் எதையோ தேட ஆரம்பித்தார். அவள் உள்ளே நுழைந்து ஒரு தூணோரமாக நின்றுகொண்டாள்.

இன்ஜினைச் சுற்றி ஃபிட்டர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். டிரைவர் தன் பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். விளக்கு வெளிச்சத்தில் நீலப் பலகை தனியாகத் தொங்கியது. அத்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அதன் எதிரே போய் நின்றார். பிறகு குனிந்து இன்ஜினுக்கு அடியில் பார்த்தார்.

“உள்ள யாராவது இருக்கீங்களா?” என்று உரக்கக் கேட்டார். ஒரு பக்கம் பார்த்தபின் மறுபக்கம் போய் அங்கேயும் குனிந்து, “யாராவது இருக்கீங்களா?” என்றார்.

பலகையைக் கழற்றுவதற்கு முன்னால் எல்லோரும் செய்வது அதுதான். அவ்வளவுதான், முடிந்தது. நாளைக்குக் காலையில் ரயில் ஏற வேண்டியதுதான் என்று கரண்டு நினைத்துக்கொண்டாள். அத்தான்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நேரத்தில் எங்கோ போய், வெறும் துக்கம்தான் இருந்தது.

அத்தான் நிமிர்ந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“இது எங்க பலகை இல்ல சார்,” என்றார்.

“யோசிச்சுப் பேசுங்க செகரட்டரி. பலகை உங்களோடது இல்லன்னா, வேலையும் உங்களோடது இல்லன்னு அர்த்தம். எல்லார் முன்னாடியும் சொல்றீங்க.”

“எல்லார் முன்னாடியும்தான் சொல்றேன். வேலையும் எங்களோடது இல்ல. எழுதிக்கோங்க.”

கூட்டத்தில் சலசலப்பு கிளம்பியது. மொட்டை என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு தடித்த ஃபிட்டர் முன்னால் வந்து எகிறினான். “செகரட்டரி, என்ன பேச்சு இது? எத்தன வருஷச் சண்டை! மச்சினின்னு பாத்து விட்டுக் குடுக்கறீங்களா?”

“மச்சினியா? அவ என்கிட்ட பேசியே எவ்வளவோ நாளாச்சுடா,” என்றார் அத்தான். “என் வீட்டுல தண்ணி வரல, தெரியுமா? இன்னைக்கு அந்தப் பலகைய நான் எடுத்தா நாளைக்கு உன் பலகைய இவரு எடுப்பாரு. தீர்ப்பு வந்துடுச்சு, வேலை வேற ஆளுக்குப் போயிடுச்சும்பாரு. நீ அடியில இருப்ப. எங்க அண்ணன் பலகைய எடுத்தவன் கெட்டவனாடா? தங்கமான மனுஷன். அதுக்கப்புறம் அவன் ஒழுங்கா சாப்பிட்டதே இல்ல. இது யூனியன் பாத்து மாட்டற பலகை இல்ல. உயிரு பாத்து மாட்டறது.”

மொட்டை இன்ஜினுக்கு அடியில் இருந்த இருட்டைப் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டான்.

மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. “ஒருத்தரும் வேண்டாம், தகடுதானே, நானே எடுக்கறேன்,” என்று கையை நீட்டினார். அந்த நீட்டிய கையைத் தவிர அங்கே எதுவும் அசையவில்லை.

“எடுங்க சார்,” என்றார் டிரைவர், பெட்டியிலிருந்து எழாமலே. “எடுத்துட்டு நீங்களே ஓட்டிட்டுப் போங்க. வேற ஆளு பலகை எடுத்த வண்டியில நான் ஏற மாட்டேன்.”

நீட்டிய கை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றது, பிறகு கைக்குட்டையைத் தேடுவது போலப் பைக்குள் போனது. அத்தான் அதற்குள் சுவரோரம் போய், ஸ்பேனர் வரைந்த பலகை ஒன்றை எடுத்து வந்து மின்னல் பலகைக்குப் பக்கத்திலேயே மாட்டினார்.

“இது எதுக்கு?” என்றார் மேனேஜர். குரலில் பழைய மிடுக்கு இல்லை.

“பிரேக்கு ஒரு தடவ பாக்கணும்னு தோணுது. அந்தப் பலகை எறங்கட்டும். அப்புறம்தான் இது எறங்கும்.”

மேனேஜர் ஆபீஸ் அறைக்குள் போய் டெலிபோனில் மேலிடத்தோடு பேசினார். கண்ணாடி வழியாக அவர் தலையாட்டுவது மட்டும் தெரிந்தது. எக்ஸ்பிரஸில் உட்கார்ந்திருக்கும் ஜனங்கள் இந்நேரம் என்ன பேச்சுப் பேசிக்கொண்டிருப்பார்களோ, அதில் பாதியாவது டெலிபோன் வழியாக அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். ப்ளக்கைத் தொட ஃபிட்டர் இல்லையென்றால் எலக்ட்ரீஷியன் இருந்தாக வேண்டும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை. திரும்பி வந்தவர் நேராகத் தூணை நோக்கி நடந்தார். அவள் அங்கே நிற்பது ஆரம்பத்திலிருந்தே அவருக்குத் தெரியும் போல.

“மாற்றல் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. வாங்கம்மா, வேலையப் பாருங்க. உத்தரவு நாளைக்கு…”

“இப்பவே,” என்றாள் கரண்டு.

“நான்தான் சொல்றேனே!”

“கையெழுத்துப் போட்டு வெளிய அனுப்பினீங்க. கையெழுத்துப் போட்டு உள்ள கூப்பிடுங்க. போனவங்க ஒவ்வொருத்தரையும் திரும்பக் கூப்பிடறதுக்கும் சேத்து எழுதுங்க. நான் ஒருத்தியே எத்தன இன்ஜினுக்குப் பலகை மாட்டறது?”

மேனேஜர் சுற்றிலும் பார்த்தார். ஃபிட்டர்கள் யாரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை, அவர் பையில் செருகியிருந்த பேனாவையே பார்த்தார்கள். மொட்டை கூட. மேனேஜர் மொட்டையின் முதுகில் காகிதத்தை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதுகைக் கொடுத்த மொட்டை, “கிச்சு கிச்சு மூட்டாதீங்க சார்,” என்றான். அப்போதுதான் கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது.

கரண்டு குழிக்குள் இறங்கினாள். ஈரமாயிருந்த ப்ளக் இதற்குள் நன்றாகக் காய்ந்திருந்தது. துடைத்து, மாட்டி, திருகி, ஒவ்வொன்றையும் சோதித்தாள். அவசரப்படவில்லை. மேலே ஷூக்கள் நடை போட்டுக்கொண்டிருந்தன. நடக்கட்டும் என்று விட்டாள். இந்த இடத்தை விட்டுப் போகப்போவதில்லை என்ற நினைப்பு அப்போதுதான் மெல்ல உள்ளே இறங்கியது. குழிக்குள் யாரும் பார்க்காத இடத்தில், இன்ஜின் சக்கரத்தில் நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டு, இத்தனை நாளாக அடக்கி வைத்ததை ஒரு மூச்சு அழுது தீர்த்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தாள்.

இரண்டு பக்கமும் குனிந்து “உள்ள யாராவது இருக்கீங்களா?” என்று கேட்டாள். யாரும் இல்லை. தன் பலகையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“அப்பாடா! அப்படியே அதையும் எடுத்துடுங்கம்மா, கைக்குப் பக்கத்துலதானே இருக்கு,” என்றார் மேனேஜர் மணியைப் பார்த்துக்கொண்டே.

ஸ்பேனர் பலகை அவள் விரல் நுனிக்கு அருகில்தான் இருந்தது. கரண்டு இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோனாள். அத்தான் சற்றுமுன் கட்டிக்கொண்டு நின்ற அதே மாதிரி.

“அது அவங்க பலகை சார்,” என்றாள்.

மேனேஜர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு விலகிப் போனார். அத்தான் குழியில் இறங்கினார். பிரேக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. சாவகாசமாக ஏறி வந்து, குனிந்து கேட்டுவிட்டு, தன் பலகையைத் தானே கழற்றினார். டிரைவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்ஜினில் ஏறினார். நீண்ட ஊதல் ஒன்று கொடுத்துவிட்டு இன்ஜின் குழியை விட்டு நகர்ந்தது. அது தாண்டிப் போகும்வரை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தார்கள்.

சுவரில் இரண்டு பலகைகளையும் அததன் ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தபோது அத்தான்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“நான் விட்டுக் குடுத்துட்டேன்னு நினைக்காத. பலகை வேற, ப்ளக்கு வேற. அது கப்ளிங்தான். மறுபடி கேஸு போடுவேன்.”

“போடுங்க அத்தான்,” என்றாள் கரண்டு. “மொதல்ல வீட்டுக்கு வந்து போல்ட்ட மாட்டுங்க, ஒயர நான் பாத்துக்கறேன். கேஸு எப்ப வேணா போடுங்க. எதிர் நாற்காலியில நான் உக்காந்திருப்பேன். இந்த ஊர்லயே.”